கொல்கத்தாவில் ஆவாரை எதற்கு? நொச்சி வையுங்கள்

மார்கழி பிறந்தால் போதும், கொல்கத்தாத் தமிழர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "இங்கே ஆவாரம்பூ எங்கே சார் கிடைக்கும்?" ஈரோடு, கோவை, கரூர்ப் பக்கத்து ஆட்கள் என்றால் கட்டாயம் கேட்பார்கள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசலில் செருகி, காப்புக் கட்டினால்தான் எங்களுக்குப் பொங்கல் வந்த மாதிரி. லேக் மார்க்கெட்டில் வாழையிலை கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும், காபித்தூள் கிடைக்கும். ஆவாரம்பூ கிடைக்காது.

"கிடைக்காது" என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி வரும். "ஊரிலிருந்து விதை கொண்டுவந்து போட்டால் வருமா? அது காட்டுச் செடிதானே, தண்ணியே வேண்டாமே?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவில் தரையில் தோட்டம் போடும் வசதி உள்ளவர்கள், தண்ணீரை மிச்சம் பிடிக்கிற தோட்டம் வேண்டும் என்று நினைப்பவர்கள், ஆவாரையை விட்டுவிட்டு நொச்சி வையுங்கள். ஆவாரையும் நல்ல செடிதான், ஊருக்குப் போனால் நானும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அதைப் பார்க்கிற ஆள்தான். ஆனால் இந்த ஊர் மழையும் இந்த ஊர் வறட்சியும் வேறு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம் ஊர்க்காரர்கள் பலருக்கு கொல்கத்தா என்றால் மழை ஊர். தப்பில்லை. அலிப்பூரில் அளக்கும் சராசரி ஆண்டு மழை 1,700 மில்லிமீட்டருக்கு மேல் வரும். சென்னைக்குச் சுமார் 1,400. ஈரோட்டுப் பக்கமெல்லாம் அதில் பாதியே கஷ்டம். ஆனால் அந்த 1,700-ல் முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அக்டோபரில் துர்கா பூஜைப் பந்தலை நனைக்கக் கொஞ்சம். அதோடு சரி. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நாலு மாதத்தையும் கூட்டினால் 100 மில்லிமீட்டர் தேறாது. மார்ச் முதல் வெயில் ஏறும். சித்திரை வைகாசியில் 'கால்பொய்ஷாகி' என்று இவர்கள் சொல்லும் சாயங்காலப் புயல்மழை நாலு தடவை வந்து தூசியை அடக்கிவிட்டுப் போகும்.

அதாவது, சென்னையில் ஐப்பசி அடைமழை ஆரம்பிக்கிறபோது இங்கே வறட்சி ஆரம்பிக்கிறது. ஏழு மாதம் செடி காய வேண்டும். அடுத்த நாலு மாதம் அதே செடி சேற்றில் நிற்க வேண்டும். கொல்கத்தாத் தோட்டத்துக்கு வறட்சி தாங்கும் செடி என்று யாராவது சொன்னால், "சரி, ஆடி மாதம் மூன்று நாள் தண்ணீர் கட்டி நின்றால் தாங்குமா?" என்று கூடவே கேட்க வேண்டும். அதற்கும் பதில் 'ஆமாம்' என்றால்தான் அது இந்த ஊருக்கு லாயக்கான செடி.

ஆவாரை இதில் முதல் பரீட்சையில் நூற்றுக்கு நூறு, இரண்டாவதில் பெயில். அது தக்காணத்துக்கும், தமிழ்நாட்டுக் கரட்டு நிலத்துக்கும், இலங்கையின் வறண்ட பக்கத்துக்கும் உரிய செடி. சரளை மண், வடிந்து ஓடும் நிலம், பளிச்சென்ற வெயில், இது போதும் அதற்கு. வேர் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினால் அதற்கு ஆகாது. கொல்கத்தா மண்ணோ கங்கை கொண்டுவந்து போட்ட வண்டல். இறுகினால் செங்கல், நனைந்தால் களி. ஊரே கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். சால்ட் லேக்கை எடுத்துக்கொண்டால், 1960-களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டிய ஊர். பைபாஸ் பக்கத்துப் புதிய குடியிருப்புகள் பலவற்றில் தோண்டினால் ஓர் அடிக்குக் கீழே கட்டிட இடிபாடுதான் வரும். அங்கே மழைத் தண்ணீர் கீழே இறங்கவும் இறங்காது, பக்கத்தில் ஓடவும் ஓடாது.

எனக்குத் தெரிந்த தாராபுரத்துக் குடும்பம் ஒன்று ஆசை ஆசையாக ஆவாரை விதை கொண்டுவந்து, வெந்நீரில் ஊறவைத்து, முளைக்க வைத்து, பங்குனியில் தரையில் நட்டார்கள். வெயிலில் ஜம்மென்று வந்தது. ஆடி முடிவதற்குள் இலை எல்லாம் பழுத்து, தண்டு அழுகிப் போயிற்று. அவர்கள் பராமரிப்பில் ஒரு குறையும் இல்லை. செடிக்கு ஊர் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். காப்புக்குப் பூ வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் ஒரு பெரிய தொட்டியில் பாதிக்குப் பாதி மணலும் சரளையும் கலந்து, மொட்டை மாடியில் மழைச் சாரல் படாத ஓரத்தில் வைத்துப் பாருங்கள். தரைக்கு அது வேண்டாம்.

*

இப்போது நொச்சி.

நம் ஊரில் நொச்சியை யாரும் விலை கொடுத்து வாங்கி நட்டதில்லை. வாய்க்கால் கரையில், வேலியோரத்தில், ஓடைப் பள்ளத்தில் தானாக நிற்கும். சளி பிடித்தால் ஒரு கொத்து ஒடித்து வெந்நீரில் போட்டு வேது பிடிப்போம். தானியக் குதிரில் பூச்சி வராமல் இலையைப் போடுவோம். சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் புகை போடுவோம். மெரினாவை ஒட்டி நொச்சிக்குப்பம், திருச்சிப் பக்கம் நொச்சியம் என்று ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் அது 'தோட்டச் செடி' என்று நாம் ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்கள் குடியிருப்பில் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு புதர் தானாக வளர்ந்திருந்தது. கீழ்வீட்டு மாஷிமா (எண்பது வயதிருக்கும், பெரியம்மா ஸ்தானம்) ஒரு நாள் அதில் இலை பறித்துக்கொண்டிருந்தார். "மாஷிமா, இது எங்கள் ஊரில் நொச்சி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கள் ஊர்ச் செடியா? இது எங்கள் நிஷிந்தா. அரிசி டின்னில் போடத்தான் பறிக்கிறேன்" என்றார். அதே செடி, அதே டின், அதே பூச்சி. பெயர் மட்டும் வேறு.

பிறகுதான் விசாரித்தேன். ஆவாரை பூத்திருக்கிற இடத்தில் சாகிறவர் உண்டா என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி இருக்கிறதே, கிட்டத்தட்ட அதையே வங்காளிகள் வேம்பையும் நிஷிந்தாவையும் சேர்த்துச் சொல்கிறார்கள். வேம்பும் நிஷிந்தாவும் இருக்கிற இடத்தில் மனுஷன் சாவானா என்று கேட்கிற பழமொழி. எனக்கு இதைக் கேட்டபோது சந்தோஷம் தாங்கவில்லை. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் மக்கள் ஒரு புதரைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் தங்கள் வறண்ட காட்டில் நிற்கிற செடியைச் சொன்னார்கள். இவர்கள் தங்கள் ஈரக் காட்டில் நிற்கிற செடியைச் சொன்னார்கள். அவரவர் ஊருக்கு எது நிற்குமோ அதைத்தானே சொல்ல முடியும்?

நொச்சி ஏன் இங்கே நிற்கிறது என்பதற்குக் காரணங்கள் செடியிலேயே இருக்கின்றன. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெளுத்து, நுண்ணிய ரோமம் அடர்ந்திருக்கும். வெயில் காலத்தில் இலையிலிருந்து ஈரம் சீக்கிரம் பறக்காமல் இருக்க அது உதவுகிறது. இயல்பாகவே ஆற்றங்கரையிலும் ஓடைக் கரையிலும் வளர்கிற ஜாதி என்பதால், சில நாள் தண்ணீர் நின்றாலும் மிரளாது. இலை கசப்பு, வாசனை வேறு தூக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. அதனால்தான் நாட்டுப்புறத்தில் வேலிக்கு வைத்தார்கள். ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், தேனீ மொய்க்கும்.

நொச்சிக்கு நம் இலக்கியத்தில் உள்ள இடமும் பலருக்கு ஞாபகம் இருக்கும். பகைவர் முற்றுகையிட்ட மதிலை உள்ளே இருந்து காப்பவர்கள் சூடியது நொச்சிப் பூ. தொல்காப்பியம் இதற்குத் தனித் திணை கொடுக்காமல் உழிஞையிலேயே அடக்கிவிடும். புறப்பொருள் வெண்பாமாலையில் தனிப் படலமே உண்டு. வேலியில் நிற்கிற செடிக்கு மதில் காக்கிற வேலையைக் கொடுத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

*

"அதெல்லாம் சரி சார், கொல்கத்தாவில் தண்ணீரை எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும்? பக்கத்திலேயே கங்கை ஓடுகிறது, கார்ப்பரேஷன் தண்ணீருக்குப் பில்லும் இல்லை" என்று கேட்பீர்கள். எங்கள் குடியிருப்பின் சங்கக் கூட்டத்திலும் இதையேதான் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். முன்பக்கம் 100 சதுர மீட்டர் புல்வெளி. மெக்சிகன் கிராஸ். பார்க்கக் கம்பளம் மாதிரி இருக்கும். கார்த்திகை முதல் வைகாசி வரை தினமும் ஹோஸ் பிடித்தால்தான் பச்சை நிற்கும். மேலேயுள்ள தொட்டியில் தண்ணீர் பற்றவில்லை, அதனால் தோட்டத்துக்கென்று தனியாக ஒரு டீப் டியூப்வெல் போடலாம் என்று யோசனை வந்தது. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு சொன்னேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். ஹோஸ் பிடித்தால் நாளைக்கு 5 மில்லிமீட்டர் போவது சர்வ சாதாரணம். 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர். மாதம் 15,000. வறட்சியான ஆறு மாதத்துக்கு 90,000 லிட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 12,000 லிட்டர் லாரியில் ஏழரை லாரி. ஏழரை என்று வந்ததே சகுனம் சரியில்லை :-)

அதுவும் எந்தத் தண்ணீர்? பல்டாவில் ஹூக்ளியிலிருந்து எடுத்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, குளோரின் கலந்து, கரண்ட் செலவழித்து மேலே ஏற்றி அனுப்புகிற குடிநீர். தாலா டாங்க் 1911-லிருந்து நிற்கிறதே, அந்த இரும்புத் தொட்டி புல்லுக்காகக் கட்டியதில்லை. பில் வராததால் இலவசம் என்று நமக்குத் தோன்றுகிறது. செலவு யார் தலையிலாவது விழத்தான் செய்யும். நம் சுற்றுச்சுவருக்கு வெளியே தெருக்குழாயில் நேரம் பார்த்து வாளியோடு வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டில் வேலை செய்கிற அக்காவே அந்த வரிசையில் நின்றுவிட்டுத்தான் வருகிறார். குழாயின் கடைசியில் இருப்பவர்களுக்கு அழுத்தம் போதாமல் போவதற்கும், குழாயின் நடுவில் இருக்கிற நாம் புல்லுக்கு ஊற்றுவதற்கும் சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நிலத்தடி நீர் இன்னும் மோசமான கதை. மேற்கு வங்காளத்துக் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் விஷம் இருப்பது தெரிய வந்தது 1983-ல். கொல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராபிக்கல் மெடிசினில் தோல் வியாதியோடு வந்த கிராமத்து ஆட்களைப் பார்த்த டாக்டர் கே.சி. சாஹாதான் அதைக் கண்டுபிடித்தார். பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறையில் தீபங்கர் சக்கரவர்த்தி குழுவினர் வருஷக்கணக்காகக் கிணறு கிணறாகச் சோதித்தார்கள். தெற்குக் கொல்கத்தாவின் சில பகுதிகளிலும் அது தென்பட்டது. நகரத்தின் அடியில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வந்ததும் பதிவாகியிருக்கிறது. 2005-ல் மாநில அரசு நிலத்தடி நீருக்கென்று சட்டமே போட்டது. அனுமதி இல்லாமல் டியூப்வெல் போட முடியாது. இவ்வளவுக்கும் பிறகு அலங்காரப் புல்லுக்காக பூமியில் இன்னொரு ஓட்டை போடுவது நியாயமா என்றுதான் கேட்டேன்.

நாம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததைப் பார்த்தவர்கள். பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த குடும்பங்கள் இங்கே வந்து ஹோஸ் பிடிக்கும்போது மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கங்கைக் கரையில் குடியிருக்கிறோம் என்பதற்காக நம் கை பழகிய சிக்கனத்தை விட்டுவிட வேண்டுமா என்ன?

கூட்டத்தில் என்ன முடிவானது என்று கேட்பீர்கள். முழு வெற்றி இல்லை. டியூப்வெல் யோசனையை ஒத்திவைத்தார்கள். புல்வெளியில் பாதியை எடுத்துவிட்டு, சுற்றுச்சுவரை ஒட்டி நொச்சி வேலியும் அதற்கு முன்னால் ஆடாதோடையும் வைக்கச் சம்மதித்தார்கள். மாஷிமாவின் ஓட்டு முக்கியமாக விழுந்தது. மீதிப் புல் பிள்ளைகள் ஓடியாட இருக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கால் படாத புல்தான் எனக்கு ஆகாது.

ஆடாதோடையைப் பற்றியும் இரண்டு வரி. வங்காளத்தில் 'பாஷொக்'. இருமலுக்கு இதன் இலைச் சாறு இங்கேயும் பாட்டி வைத்தியம்தான். இருமல் மருந்தான ப்ரோம்ஹெக்சினுக்கு மூலமே இந்தச் செடியில் உள்ள வாசிசின் என்ற சத்துதான். ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை என்பார்கள். கர்ப்பிணிகள் இதை மருந்தாகச் சாப்பிடக் கூடாது, கவனம். மற்றபடி இதுவும் இரண்டு ஊருக்கும் பொதுவான, குச்சி வைத்தாலே வருகிற, கொஞ்சம் நிழலையும் பொறுத்துக்கொள்கிற செடி.

*

எப்படி வைப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

காலம்: ஆடிப்பட்டம் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் ஆடியில் வைக்காதீர்கள். அதற்குள் இங்கே குழி எல்லாம் குளமாகிவிடும். முதல் மழை விழுந்தவுடன், ஆனியிலேயே வையுங்கள். ரத யாத்திரை சமயம் சரியாக இருக்கும். வங்காளிகளுக்கு ரத மேளாவில் செடி வாங்கும் வழக்கம் உண்டு, மௌலாலி ரத மேளா அதற்குப் பேர் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலிஃப் ஸ்ட்ரீட் சந்தையிலும் செடிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நொச்சி என்று கேட்காதீர்கள், நிஷிந்தா என்று கேளுங்கள். பூச்செடி இல்லாததால் எல்லாரிடமும் இருக்காது. குச்சி கிடைத்தால் அதுவே போதும்.

குச்சி: பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று கணு இருக்க வேண்டும். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. மழைக் காலத்தில் மூன்று நாலு வாரத்தில் துளிர்க்கும்.

இடம்: வெயில் வேண்டும். வேலிக்கு என்றால் குச்சிக்குக் குச்சி மூன்று அடி, தனிப் புதர் என்றால் ஐந்து அடி. இடிபாடு மண்ணாக இருந்தால் ஓர் அடி தோண்டிக் கல்லைப் பொறுக்கிவிட்டு, இலைமக்கும் மண்ணும் போட்டு, தரையிலிருந்து அரையடி மேடாக்கி வையுங்கள். தண்ணீர் நிற்கிறதைத் தாங்கும் என்பதற்காகக் குழிக்குள் வைக்க வேண்டியதில்லை.

தண்ணீர்: முதல் வறட்சிப் பருவம் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை, செடிக்கு ஒரு வாளி, 10 லிட்டர். 20 செடிக்கு வாரம் 200 லிட்டர், ஆறு மாதத்துக்கு 5,200. புல்லின் 90,000-த்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் வருஷம் பங்குனி முதல் கால்பொய்ஷாகி வரை பதினைந்து நாளைக்கு ஒரு வாளி. மூன்றாம் வருஷம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும். தினம் தெளிக்காதீர்கள். தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே சுற்றும், வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றினால் வேர் கீழே தேடிப் போகும்.

மூடாக்கு: தேங்காய் நார், காய்ந்த இலை, எது கிடைத்தாலும் அடியில் மூன்று விரல் கனத்துக்குப் போடுங்கள். மாலி தினமும் கூட்டிக் கொளுத்துகிற சருகு போதும். கொளுத்துகிற புகையும் மிச்சம்.

வெட்டுவது: மாசியில் ஒருமுறை இடுப்புயரத்துக்கு வெட்டிவிடுங்கள். புதுக் கிளையில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டால் ஆள் உயரத்துக்கு மேல் போய்ச் சின்ன மரமாகிவிடும்.

மாடியில் தொட்டியில் வைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள்தான் எடுத்துக்கொள்கிறது, அந்தத் தட்டில் நிற்கிற தண்ணீரே அதற்குப் போதும். 2012-லும், பிறகு 2022, 2023-லும் இந்த ஊர் டெங்குவில் பட்ட பாடு இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தினம் தண்ணீர் கேட்கிற செடிகள் நிறைந்த மாடி, தண்ணீரை மட்டும் வீணாக்குவதில்லை. கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து தட்டைக் கவிழ்த்துக் காட்டுவதற்கு முன்னால் நாமே கவிழ்த்துவிடலாம். நொச்சி வைத்தாலே கொசு வராது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 2010-களில் சென்னை மாநகராட்சிகூடக் கொசுவுக்காக நொச்சிக் கன்று கொடுக்கத் திட்டம் போட்டது. இலையைப் புகைத்தால் கொசு விலகும் என்பது வேறு. செடி சும்மா நிற்பதால் கொசு ஊரை விட்டுப் போகாது. தேங்கிய தண்ணீரைக் கொட்டினால்தான் போகும்.

*

இனி ஆட்சேபணைகள்.

"புதர் மண்டினால் பாம்பு வரும்." அடியில் ஒன்றரை அடிக்குக் கிளைகளைக் கழித்துவிட்டு, தரை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும். குப்பையும் எலியும் இருக்கிற இடத்துக்குத்தான் பாம்பு வருகிறது.

"காட்டுச் செடி, பார்க்க அழகாக இருக்காது." இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். கண் எதற்குப் பழகுகிறதோ அதுதான் அழகு. ஆறு மாதம் ஹோஸ் பிடித்துக் காப்பாற்றுகிற பச்சையும், மாசியில் வெட்டிவிட்டால் வெயிலில் ஊதாவாகப் பூக்கிற பச்சையும் ஒன்றா? எங்கள் வீட்டுத் தங்கமணி முதல் வருஷம், "ஊரில் குப்பைமேட்டில் நிற்கிறதைப் போய் வாசலில் வைப்பார்களா?" என்றுதான் கேட்டாள். இப்போது ஜலதோஷம் வந்தால் முதல் ஆளாகக் கத்தரிக்கோலோடு போகிறவளும் அவள்தான்.

"நாங்கள் மூன்று வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் ஆகிற ஆட்கள். எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வங்கி, ரயில்வே, மத்திய அரசு, ஐ.டி. என்று இங்கே வருகிற நம்மில் பலர் நிரந்தரமில்லை. வருகிறோம், ஊர் ஞாபகத்தில் நாலு தொட்டி வாங்குகிறோம், மல்லிகை, துளசி, கறிவேப்பிலை வைக்கிறோம். உத்தரவு வந்ததும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் செடி ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடுகிறார். அடுத்து வருகிறவருக்கு அக்கறை இருந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் காய்ந்த குச்சி. காலி செய்த குவார்ட்டர்ஸ் மாடிகளில் இந்தக் குச்சிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். நம் கையை நம்பியே உயிர் வாழ்கிற செடியை வைத்துவிட்டு நாம் போய்விடுகிறோம்.

மாற்றலாகிப் போகிற ஆளுக்கு ஏற்ற செடி, மூன்றாம் வருஷம் அவர் இல்லாமலே நிற்கிற செடிதான். நீங்கள் புனேவுக்கோ டெல்லிக்கோ போன பிறகும் அந்த வேலியில் ஒரு மாஷிமா இலை பறிப்பார். அவருக்கு அது மதராஸிக்காரர் வைத்த வெளியூர்ச் செடி கிடையாது, அவருடைய நிஷிந்தா. அடுத்து அந்த வீட்டுக்கு வருகிற தமிழ்க் குடும்பத்துக்கு அது நொச்சி.

1793-ல் சாமல்கோட்டையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தவர் ஒருவர் இருந்தார், வில்லியம் ராக்ஸ்பர்க். மதராஸில் டாக்டராக வேலைக்குச் சேர்ந்து, சோழமண்டலக் கரைச் செடிகளைப் படமாக வரையவைத்துப் புத்தகம் போட்டவர். இங்கே சிப்பூர் தாவரத் தோட்டத்தை இருபது வருஷம் நடத்தினார். தெற்கில் பார்த்தது ஒன்று, இங்கே வளர்வது ஒன்று என்று பிரித்துப் பார்த்து எழுதி வைத்தார். நமக்கு அவ்வளவு பெரிய வேலை எல்லாம் வேண்டாம். நம் ஊரில் இருப்பதில் எது இந்த ஊரிலும் இருக்கிறது என்று பார்க்கிற அளவு கவனம் போதும். நொச்சி, ஆடாதோடை, வேம்பு என்று அந்தப் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளம்.

ஆகவே மக்களே, விதைப் பொட்டலத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆவாரம்பூவை அதன் மண்ணில் போய்ப் பாருங்கள், காப்புக் கட்டுங்கள், முடிந்தால் ஒரு கொத்தைக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். இங்கே இருக்கிற தரைக்கு இங்கே நிற்கிறதை வையுங்கள்.

எங்கள் வேலியை மாசியில் வெட்டுவோம். அப்போது வருகிற குச்சியைத் தொட்டியில் வேர் பிடிக்க வைத்து, ரத யாத்திரைக்குள் கன்றாக்கித் தரலாம் என்றிருக்கிறேன். வேண்டுமென்பவர்கள் இப்போதே சொல்லிவையுங்கள். தொட்டி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், தட்டு வேண்டாம் :-)